கொடுவாத்திட்டில் படகு நேரம்

படகுக்குப் பிரேக் உண்டு என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். பட்டம் வாங்கியவர்கள், வீட்டில் கலைக்களஞ்சியம் வைத்திருப்பவர்கள், ஏன், நீந்தத் தெரிந்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை மிகுந்த வருத்தத்தோடு இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. படகுக்குப் பிரேக் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நோவாவின் பேழைக்கும் இல்லை. அது மலையில் தட்டித்தான் நின்றது. முன்னால் போகிற படகை நிறுத்த ஒரே வழி, தண்ணீருக்குள் சுழன்று அதைத் தள்ளும் காற்றாடியை முதலில் சும்மா விட்டு, பிறகு எதிர்ப்பக்கம் சுழல வைப்பதுதான். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், இரண்டிலும் சேராத ஓர் இடம் இருக்கிறது. அதை நியூட்ரல் என்பார்கள். கொடுவாத்திட்டுக்காரர்கள் அந்த இடத்தைப் பற்றி அறிந்த அளவுக்கு உலகில் வேறு யாரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை; அறிந்திருக்க ஆசைப்படவும் வேண்டாம்.

கொடுவாத்திட்டு, கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருந்த தீவு. ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், நிறையப் பனை, நாளுக்கு நாள் உப்பாகிக்கொண்டே போன கிணறுகள். குடிக்கிற தண்ணீரும் மீனுக்குப் போடுகிற ஐஸும் அக்கரையிலிருந்து வர வேண்டும், பிடித்த மீன் அக்கரைக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைப் படகு. நகரத்து மில் முதலாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு என்று வாங்கி, மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் தள்ளிவிட்ட பழைய பைபர் படகு அது. இன்ஜின் படகின் வயிற்றுக்குள் இருக்கும். காற்றாடி மாட்டிய கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே, வாத்தின் கால் போல, தண்ணீருக்குள் தொங்கும். ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியிலிருந்து ஒரு கேபிள் படகின் நீளத்துக்கும் ஓடி, இன்ஜினைத் தொட்டுக்கொண்டு, பின்பலகைத் துளை வழியாகக் காலுக்குள் இறங்கும்.

இந்த ரகப் படகில் ஒரு தந்திரம் உண்டு. இன்ஜினின் விசையில் கியரின் பற்கள் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். கையால் இழுத்தால் விடாது. ஆகவே கைப்பிடியை நடுவுக்கு இழுத்ததும் கேபிள் முதலில் ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும், சுவிட்ச் இன்ஜினின் தீப்பொறியை ஒரு கண்ணிமைப்புக்கு நிறுத்தும், இன்ஜின் ஒரு மூச்சை விழுங்கும், அந்த இடைவெளியில் பற்கள் பிடியை விடும், சுவிட்ச் மீளும், இன்ஜின் மறுபடி ஓடும். யாரும் கவனிக்காத ஒரு விக்கல், அவ்வளவுதான்.

வெள்ளைப் படகு வந்து சில மழைக்காலங்கள் கழிந்து, கேபிளுக்குள் உப்பு ஏறி அது விறைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் காலை, டிரைவர் சூசை துறையை நெருங்கிக் கைப்பிடியை நடுவுக்கு இழுத்தபோது, கொடுவாத்திட்டில் பிறந்த அத்தனை பேருடைய இதயமும் அந்த விக்கலின் நேரத்துக்கு நின்று, பிறகு ஓடியது.

முதலில் அவரவர் அதைத் தனக்கு மட்டும் வந்த சங்கதி என்று எடுத்துக்கொண்டு வெளியே சொல்லவில்லை. பெண்கள் பித்தம் என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டார்கள், ஆண்கள் பீடியைக் குறைத்தார்கள், உபதேசியார் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். பிறகு ஒரு நாள் மீன் ஏலத்தின் நடுவே படகு வந்தது. ஏலம் கூறியவனும் கேட்டவனும் கூடையைத் தூக்கியவளும் ஒரே நேரத்தில் கையை நெஞ்சில் வைத்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். ஏலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அன்று சாயங்காலம் குவைத்தில் கிரேன் ஓட்டும் ரொசாரியோ வீட்டுக்குப் போன் பண்ணி, தினமும் இன்னின்ன நேரத்தில் நெஞ்சு நிற்கிறது, ஊரில் யாராவது என்னை நினைத்து அழுகிறீர்களா என்று கேட்டான். யாரும் அழவில்லை என்றும், அது படகு கரை சேர்கிற நேரம் என்றும் அவன் அம்மா சொன்னாள். அவனுக்குப் பெரிய நிம்மதி.

காரணத்தைப் பற்றி ஊர் அதிகம் மெனக்கெடவில்லை. தீவில் பிறந்தவர்களுக்கு எங்கே இருந்தாலும் நின்றது, வேறெங்கோ பிறந்து வந்தவர்களுக்குத் தீவிலேயே இருந்தாலும் நிற்கவில்லை, படகு இந்தக் கரை சேர்ந்தாலும் அந்தக் கரை சேர்ந்தாலும் நின்றது, புறப்படும்போது நிற்கவில்லை. இதற்கு மேல் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பதுதான் பொதுக்கருத்து. செய்ய வேண்டியவற்றை ஊர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமலே செய்யத் தொடங்கியது. துறையை நெருங்கும்போது சூசை நீளமாக ஒரு ஹாரன் அடிப்பான். ஹாரன் கேட்டதும் பனையேறிகள் இறங்கி மரத்தடியில் உட்காருவார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கும், நாவிதர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து ஆகாயத்தில் பிடித்துக்கொள்வார், சாமியார் பிரசங்கத்தில் பாவத்தைப் பாதியில் நிறுத்துவார், சண்டை போடுகிறவர்கள் ‘படகு வந்து போகட்டும், உன்னை வச்சிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு எதிரெதிரே குந்துவார்கள். எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. மறுபடி ஓடுகிறது என்பதைத் தானே தெரிந்துகொள்வதைவிட இன்னொருவர் சொல்லக் கேட்பது தெம்பாக இருந்திருக்கலாம். யார் கையை யார் பிடிப்பது என்பதில் ஒரு கல்யாணம் கூடியது, ஒன்று நின்றது.

சூசை தீவில் பிறந்தவன் இல்லை. தெற்கே வேறொரு கரையில் பிறந்து, பிரகாசியைக் கட்டி, அவளோடு வந்து குடியேறியவன். ஆகவே ஊரின் அத்தனை நெஞ்சையும் தினமும் நிறுத்தி ஓடவிட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது. அவன் வந்தால் கடைக்காரர் எழுந்து நின்றார். பிள்ளைகள் அவன் வலது கையைத் தூரத்திலிருந்து பார்த்தன. அவனோடு பல வருஷம் பேசாதிருந்த மச்சான் ஒருவன் திடீரென்று கருவாடு கொடுத்தனுப்பினான். சூசைக்கு இதெல்லாம் தொண்டையில் மீன்முள் போல இருந்தது. அவனுக்கு ஒரே ஒரு நெஞ்சைப் பற்றித்தான் கவலை.

பிரகாசிக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து, அது மூட்டுகளை நக்கிவிட்டு இதயத்தைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. வால்வு பலவீனம். அக்கரை ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக் கோடு எடுத்தபோது நடுவில் ஒரு துண்டு நேர்கோடாக வந்ததைப் பார்த்த டாக்டர், முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார். அவரது மேசைக்கு எதிரே ஜன்னலில் வெள்ளைப் படகு கரை சேர்ந்துகொண்டிருந்தது. பிறகு கோட்டை மறுபடி பார்த்து, படகைக் கட்டிவிட்டு வந்த சூசையைத் தனியே அழைத்து, இவ்வளவு இடைவெளியை இந்த இதயம் தாங்குகிறது, இதைவிட நீண்டால் மறுபடி கிளம்பும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார்.

இடைவெளி நீண்டுகொண்டுதான் இருந்தது. அதை அளப்பது பக்கத்து வீட்டு ஜெசிந்தா. குமரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இதயம் நிற்காத வெளியூர் மருமகள்களுக்குத் தீவில் அந்த நாளில் தனி மதிப்பு இருந்தது. பிரகாசியின் மணிக்கட்டைப் பிடிப்பதும், ரொசாரியோ முதல் அம்பத்தூரில் கால்பந்து ஆடும் கோல்கீப்பர் வரை வெளியில் இருக்கிற தீவுக்காரர் அனைவருக்கும் படகு புறப்பட்டதைச் செய்தி அனுப்புவதும் அவள் பொறுப்பு. அந்த வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘படகு நேரம்’. துடிப்பு நின்றதும் ஜெசிந்தா தன் கூடப்பிறந்தவர்களின் பெயரை மூத்தவரிலிருந்து மனசுக்குள் சொல்லத் தொடங்குவாள், துடிப்பு வந்ததும் நிறுத்துவாள். ஆரம்பத்தில் ஆக்னஸ் என்பதற்குள் வந்துவிட்டது. அடுத்த கோடையில் ஆல்பர்ட்டைத் தொட்டது. பிறகு ஸ்டெல்லா. ஜெசிந்தாவின் அப்பா அம்மா நிறையப் பெற்றவர்கள் என்பதை ஊர் முதன்முறையாகப் பயத்தோடு நினைத்துப் பார்த்தது.

"எட்வின் வந்துட்டான்" என்று ஒரு நாள் ஜெசிந்தா துறையிலிருந்து சொன்னபோது, சூசை கயிற்றைக் கட்டாமலே பிரகாசியிடம் வந்து நின்றான்.

பிரகாசி படியில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "என்ன பாக்கீரு? இன்னும் சாவலை. தண்ணிக் கேனை இறக்கும்."

அதிலிருந்து சூசை கைப்பிடியை மெள்ள இழுக்கத் தொடங்கினான். தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவது போல, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தை இறக்கி வைப்பது போல, அவ்வளவு மெள்ள. ஊர் அதைக் கண்டு நெகிழ்ந்தது. பெண்கள் துறையில் நின்று, மெள்ள, மெள்ள, என்று உதட்டுக்குள் சொன்னார்கள். கோயிலில் சூசையின் கைக்காகத் தனியே ஒரு வேண்டுதல் வைத்து ஜெபித்தார்கள். வேறு யார் ஓட்டினாலும் இந்நேரம் ஊரே போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஆனாலும் டைட்டஸ் வந்தான். பிறகு ஒரு வியாழக்கிழமை, பெரியவர் ஞானமுத்து பேத்தியை எதிர்பார்த்துத் துறைக் கல்லில் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலேயே கண்ட சூசை, அவர் வயதை நினைத்து, அன்றைக்கு என்றும் இல்லாத பக்குவத்தோடு கைப்பிடியை நகர்த்தினான். எல்லோரும் எழுந்தார்கள். ஞானமுத்து எழவில்லை.

யாரும் சூசையைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அடக்கத்தில் பெரியவரின் மகன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் அண்ணே என்றான்.

படகை நிறுத்திப் பார்த்தார்கள். துடுப்பு வள்ளத்தில் ஐஸ் வந்து சேர்வதற்குள் தண்ணீராகிவிட்டது, தண்ணீர் வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. தூரத்திலேயே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்து வந்து சேரலாம் என்று ஓர் ஆலோசனை வந்தது. சாவியால் அணைத்தால் யார் நெஞ்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் துறைக்கு வெளியே ஓடும் கால்வாயின் நீரோட்டம் படகைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பாறையில் வைத்தது; வாசகர் மேலே சொன்ன பேழையை நினைவில் கொள்க. கடைசியில் அக்கரை மெக்கானிக் நைனா முகமதுவுக்கு ஆள் போயிற்று.

நைனா இழுவைப்படகு இன்ஜின்களில் தொழில் படித்தவன். பேச்சுக்கு ஓய்வு இல்லை. நெஞ்சு நிற்கும் சங்கதியைக் கேட்டு அவன் ஆச்சரியப்படவில்லை. தன் மாமியார் கொடுவாத்திட்டில் பிறந்தவர் என்றும், சாப்பாடு போடும்போது திடீரென்று கரண்டியோடு நின்றுவிடுவது அதனால்தானா என்றும் மட்டும் கேட்டுக்கொண்டான். இத்தனை நாளாக அவன் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்பதற்கு ஊர் இதிலிருந்து ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டது, அது அபாண்டம்.

முதல் நாள் அவன் சுலபமான வழியைப் பார்த்தான். சுவிட்ச்தானே தீப்பொறியை நிறுத்துகிறது? சுவிட்சின் ஒயரைக் கழற்றி விட்டுவிட்டால் நிற்காது. கழற்றினான். சோதனைக்காகப் படகு அக்கரைவரை போய், கரை சேராமலே வட்டமடித்துத் திரும்பப் புறப்பட்டது.

அன்று தீவில் யாருக்கும் நெஞ்சு நிற்கவில்லை. தணியவும் இல்லை. உட்கார்ந்தவர்களால் உட்கார முடியவில்லை. படுத்தவர்கள் எழுந்து வேலை தேடினார்கள். வருஷக்கணக்கில் கிடந்த கிழிசல் வலைகளையெல்லாம் ஆண்கள் பற்கள் கிட்டித்தபடி தைத்து முடித்தார்கள். தொட்டிலில் பிள்ளைகள் ஓடி வந்தவர்கள் போல மூச்சு வாங்கின. ஆறிப்போன பழைய பாகப்பிரிவினைச் சண்டை ஒன்று தூசி தட்டி எடுக்கப்பட்டது. குவைத்தில் ரொசாரியோ ஷிப்ட் முடிந்தும் கிரேனிலிருந்து இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். பிரகாசி வீட்டைப் பெருக்கினாள், துவைத்தாள், துவைத்ததை மறுபடி துவைத்தாள், மாவு இடித்தாள், முகம் சாம்பலாகி, கண் குழிந்து, நிறுத்த முடியாமல் இடித்தாள். சூசை திரும்பி வந்து துறையருகே கைப்பிடியை இழுத்தபோது பற்கள் பிடியை விடவில்லை. மறுபடி இழுத்தான். விடவில்லை. அவன் சாவியைத் திருப்புவதற்குள் படகு துறைக்கல்லில் ஏறி, விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. இன்ஜின் அணைந்ததும்தான் ஊர் மொத்தமும் இருந்த இருந்த இடத்தில் உட்கார்ந்தது.

பிரகாசி உலக்கையைப் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தாள். நைனாவைப் பார்த்தாள்.

"மாட்டும் அந்த ஒயரை. நின்னு செத்தாலும் சாவேன், இப்படி ஓடிச் சாக மாட்டேன்."

நைனா மாட்டினான். அடுத்த நாள் படகைக் கரையில் ஏற்றிப் பனங்கட்டைகள் மேல் நிறுத்திவிட்டு, முறையாக வேலையைத் தொடங்கினான். கேபிளை உருவினான். பாதி வந்ததும் அறுந்தது. உறைக்குள் துரு காபித்தூள் மாதிரி இருந்தது. இத்தனை துருவுக்குள் இந்தக் கம்பி இவ்வளவு நாள் அசைந்ததே அதிசயம் என்றான் நைனா. அந்தத் தீவில் அதிசயம் என்ற சொல்லை யாராவது பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். பிறகு காலைக் கழற்றி, எண்ணெயை வடித்து, கியரின் பல் வளையத்தை வெளியே எடுத்துத் துடைத்து, சூசையின் உள்ளங்கையில் வைத்தான்.

"பல்லைத் தடவிப் பாரும்."

சூசை தடவினான். பல் இருக்க வேண்டிய முனைகள் கடலில் கிடந்த கண்ணாடித்துண்டு போல மழுங்கி, வழவழவென்று இருந்தன.

"கேபிள் துருப்புடிச்சது உம்ம தப்பு இல்லை, உப்புத் தப்பு" என்றான் நைனா. "ஆனா இது நீரு பண்ணினது. இந்த கியரைப் பட்டுனு தட்டணும் சூசையண்ணே. ஒரே தட்டு. நீரு மெள்ள மெள்ளக் கொண்டுபோனா பல்லு மேல பல்லு உரசிக்கிட்டே கெடக்கும், தேயும். அந்த நேரம் பூரா சுவிட்சும் அமுங்கியே இருக்கும். எவ்வளவு மெள்ளப் போனீரோ அவ்வளவு நேரம்."

அவன் மேலும் பேசிக்கொண்டே போனான், இழுவைப்படகுகளில் தான் கண்ட பற்களைப் பற்றி. சூசைக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை துறைக் கல்லில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் தன் கை எவ்வளவு பக்குவமாகப் போயிற்று என்பதையும். ஊர் உதட்டுக்குள் சொன்ன மெள்ள, மெள்ள, காதுக்குள் இப்போது வேறு மாதிரி கேட்டது. வளையத்தை அவன் நைனாவிடம் திருப்பிக் கொடுத்தான்.

இதை அவன் பிரகாசியிடம் மட்டும் சொன்னான், மத்தியானச் சோற்றின் முன்னால். அவள் குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தனை நாளா என்னைக் கொன்னுக்கிட்டிருந்தது உம்ம பாசமா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நல்லா இருக்கே" என்றாள். கொஞ்சம் உப்புப் போட்டாள். பிறகு, "பெரியவரு வீட்டுல சொல்லாதேயும். அவுங்க உம்ம மேல வச்சிருக்கிறதுதான் இப்ப அவுங்களுக்கு மிச்சம்" என்றாள்.

படகு கட்டையில் கிடந்த நாட்களில் தீவின் நெஞ்சுகள் இடைவெளியில்லாமல் ஓடின. ஜனங்கள் அந்தச் சுகத்தை நம்பவில்லை. ஹாரன் இல்லாதபோதும் வழக்கமான நேரம் வந்ததும் பனையேறிகள் இறங்கி உட்கார்ந்தார்கள். தண்ணீர் கேன்கள் காலியாகிக்கொண்டு வந்தன. நைனா அக்கரையில் உடைத்துப் போட்டிருந்த வேறொரு படகின் காலிலிருந்து நல்ல பல் வளையம் ஒன்றை எடுத்து வந்து பொருத்தினான். புதுக் கேபிளைக் கோத்தான். இனி அளவு பார்க்க வேண்டும். அதற்கு இன்ஜினை ஓட்டக் கூடாது. ஒருவர் கைப்பிடியை நகர்த்த, இன்னொருவர் பின்னால் நின்று காற்றாடியைக் கையால் சுழற்றி, உள்ளே பல் பல்லில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் ஒரு நூல் நீளம் கூடிப்போனால் சுவிட்ச் அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிடும், மீளவே மீளாது. இதை நைனா இரண்டாம் தடவை சொல்லவில்லை. முதல் தடவையே ஊரில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

சூசை காற்றாடியைச் சுழற்றினான். ஒவ்வொரு முறையும் அது கொஞ்ச தூரம் தளர்வாகச் சுற்றி, பிறகு உள்ளே எங்கோ ஒரு சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. அது பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் கரையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வலி இல்லை, ஒன்றும் இல்லை, என்று பிரகாசி சொன்னாள். யாரோ வெளியே நின்று தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

அளவு சரி என்று நைனா சொன்னான். சரி என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னான்.

படகு தண்ணீரில் இறங்கியது. சூசையை உட்காரவைத்து, இன்ஜின் இல்லாமல் கைப்பிடியைப் பட்டென்று தட்டிப் பழகச் சொன்னான் நைனா. சூசை தட்டினான். கை வேகமாகக் கிளம்பியது. நடுவை நெருங்கியதும் தானாகத் தயங்கியது. மறுபடி செய்தான். மறுபடி தயங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டெல்லாம் செய்து பார்த்தான். பழகிப்போன அந்தக் கைக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. அங்கே போனதும் அது மெள்ள, மெள்ள என்றது. நைனா தான் செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான், மாமியாருக்கு ஏதாவது ஆனால் வீட்டில் யார் நம்புவார்கள் என்றான். துறையில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

பிரகாசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள்.

"எந்திரியும்" என்றாள்.

"நீ வேண்டாம்."

"ஏன்? நான் கதவைச் சாத்துற சத்தம் மூணு வீடு கேக்குதுன்னு சொல்லிச் சொல்லிக் காட்டுவீருல்லா. அதே மாதிரி சாத்துறேன். நெஞ்சும் என்னுது. கையும் என்னுதா இருக்கட்டும்."

கரையில் ஜெசிந்தா குழுவுக்குச் செய்தி அனுப்பினாள்: சோதனை ஓட்டம், எல்லோரும் உட்காரவும். ரொசாரியோ உட்கார்ந்தேன் என்று பதில் போட்டான். படகு கால்வாய் முகம் வரை போய் வட்டமடித்துத் திரும்பியது. பிரகாசியின் வலது கை கைப்பிடியில், இடது கை ஸ்டீயரிங்கில். இடது மணிக்கட்டைச் சூசை பிடித்திருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நெஞ்சு நிற்கத் தொடங்கி இத்தனை நாளில், அந்த நேரத்தில் அவள் மணிக்கட்டை அவன் பிடிப்பது இதுதான் முதல் தடவை. எப்போதும் நிறுத்துகிறவனாக இருந்ததால் ஒரு தடவைகூடப் பிடிக்க வாய்த்ததில்லை. படகில் யாரும் பிடிக்கப்படாமல் இருக்கக் கூடாது என்ற ஊர் வழக்கப்படி, நைனா அவனுடைய மற்ற மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

துறை பெரிதாகிக்கொண்டே வந்தது. சாய்ந்த விளக்குக் கம்பம், கல்லில் வரிசையாகக் கைகோத்து உட்கார்ந்திருந்த ஊர், ஆகாயத்தில் கத்தியைப் பிடித்தபடி நாவிதர், பெரியவர் ஞானமுத்து உட்கார்ந்த இடத்தை யாரும் சொல்லாமலே விட்டு இருபுறமும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவானது. சூசையின் கட்டைவிரலுக்குக் கீழே அவள் துடிப்பு மெல்லியதாக, தையல் போடுவது போல ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று அவன் தேடினான். மெள்ள என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. அதை அவன் விழுங்கினான். பிரகாசி ஒரு நீள ஹாரன் அடித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். கைப்பிடியைச் சாத்தினாள்.

இன்ஜின் விழுங்கியது. அவன் விரலுக்குக் கீழே தையல் நின்றது. அவள் மணிக்கட்டு, சமையல் புகையும் சோப்பும் மணக்கும் அந்த மணிக்கட்டு, ஒரு சாமான் போல அவன் கையில் இருந்தது. தண்ணீர் சத்தம் இல்லை, காற்று இல்லை, காக்கை ஒன்று கத்துவதற்காகத் திறந்த வாயோடு கம்பத்தின் மேல் இருந்தது. அவன் தன் நெஞ்சின் இரைச்சலாவது கேட்கும் என்று காத்திருந்தான், அதுவும் கேட்கவில்லை.

இன்ஜின் ஓடியது. தையல் ஓடியது. காக்கை கத்தியது. பிரகாசி அதே கையால் கைப்பிடியைப் பின்னுக்குத் தட்டினாள்; நுரை கிளம்பியது; படகு துறைக்கல்லுக்கு ஒரு கை தூரம் முன்னால், பிரேக் போட்டது போல நின்றது.

கரையிலிருந்து ஜெசிந்தா கத்தினாள். "ஆக்னஸைக்கூட முழுசாச் சொல்லலை அக்கா."

கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. பிறகு ஒருவர் கையை ஒருவர் விட்டார்கள். பிரகாசி முகம் வெளுத்திருந்தது. உதட்டில் நீலம் இல்லை. அவள் சூசையைத் திரும்பிப் பார்த்து, என்ன, என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

நைனா மட்டும் சூசையின் மணிக்கட்டை விடவில்லை. விரலை நகர்த்தி மறுபடி அழுத்திப் பார்த்தான். அபூர்வமாக, பேசுவதற்கு முன் யோசித்தான்.

"அண்ணே, உமக்கும் நின்னுச்சே."

அன்று சாயங்காலம் ‘படகு நேரம்’ குழுவில், ரொசாரியோவின் எண்ணுக்கு அடுத்ததாக, சூசையின் எண்ணையும் ஜெசிந்தா சேர்த்தாள்.